நாற்பத்தெட்டுப் பல்

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இப்போது கியர் சைக்கிள் வாங்கிவிட்டார்கள். நாற்பதைத் தொடுவதற்குள் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, டாக்டர் மிதிக்கச் சொல்லிவிட்டார் என்று விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார்கள். மிதித்தோமா, வந்தோமா என்று இருப்பதில்லை. பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் இருந்தால் நல்லது என்று பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் படம் போட்டு வாதாடுகிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் உங்களில் ஒருத்தி, “நீ ஏன் எதுவும் சொல்ல மாட்டேங்கிற, பந்தயத்துல ஜெயிச்சவளாச்சே” என்று கேட்டாள். ஜெயித்தவள்தான். அதனால்தான் வாயைத் திறப்பதில்லை.

கேட்டது கேட்டுவிட்டாள், சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வேண்டியவளிடம் முதலில் சொல்லியாகிவிட்டது. இனி உங்களிடம் சொல்வதில் ஒன்றும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் எட்டாம் வகுப்பு. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் லைன் வீட்டில் கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்கு டையிங்கில் வேலை. அவர் விரல் நகங்களைப் பார்த்தே அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடலாம். அம்மா காதர்பேட்டைக் கடைகளுக்குக் குழந்தைகள் பனியன் தைத்துக்கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆனால் கம்பெனிக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. தைத்து முடித்த பனியன்களை இரண்டு பண்டலாகக் கட்டி சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் பெண்களிடம் தையலில் தொங்கும் நூல் பிசிறு வெட்டக் கொடுப்பாள். சாயங்காலம் வெட்டி முடித்ததை எண்ணி வாங்கிக்கொண்டு கம்பெனிக்குத் திரும்புவாள்.

அம்மா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டே பழகியதாகச் சொல்வாள், அது எவ்வளவு நிஜமோ தெரியாது. திருப்பூருக்கு வந்த பிறகு அந்தச் சைக்கிள்தான் அவளுக்குச் சோறு போட்டது. சோறு மட்டும் இல்லை. கம்பெனியில் மற்ற பெண்கள் எல்லோரும் மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் உட்கார வேண்டும். அம்மாவுக்கு மேல் சூப்பர்வைசர் கிடையாது. வழியில் ஒரு வீட்டில் டீ குடிப்பாள், இன்னொரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் அந்த வீட்டுப் பெண்கள், “பீஸ்காரம்மா வந்துட்டாங்க” என்று பாயை விரித்து உட்காருவார்கள். ரோட்டில் அம்மா போவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

எங்கள் காலனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடியது. பள்ளம் என்றால் இந்தப் பக்கத்தில் ஓடை. அன்றைக்கு எந்தக் கலர் சாயமோ அந்தக் கலரில் தண்ணீர் போகும். ரோடு சரிந்து இறங்கி ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி, கம்பெனிப் பக்கம் செங்குத்தாக ஏறும். பண்டல் ஏற்றி வருகிற ஆண்களே பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அம்மா இறங்க மாட்டாள். சரிவில் வருகிற வேகத்தை விடாமல், சீட்டிலிருந்து எழுந்து நின்று, இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி மிதித்து மேலே போய்விடுவாள். மேலே இருந்த பெட்டிக்கடைக்காரர், “அம்மிணி இன்னைக்கும் எறங்கலீங்க” என்று சிரிப்பார். அம்மா திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் அந்த ஏற்றத்தில் செயின் நழுவ ஆரம்பித்தது. பெரிய பல்சக்கரத்தில் பல்லெல்லாம் தேய்ந்து கூராகியிருந்தது. அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காசைக் கையில் கொடுத்து என்னை அனுப்பினாள். “இதே மாதிரி வேறொண்ணு போட்டுட்டு வா பாப்பா. இதே மாதிரின்னு சொல்லு. அவுகளே பாத்துப் போடுவாக” என்றாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ‘இதே மாதிரி’ இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

போகிற வழியிலேயே என் மனதில் திருட்டு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனியில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் உண்டு. கம்பெனி கேட்டிலிருந்து எடைமேடை வரை போய்த் திரும்ப வேண்டும், ரோடு பலகை மாதிரி சமமாக இருக்கும். சூப்பர்வைசர் மகள் என் வகுப்புதான். புது சைக்கிள் வைத்திருந்தாள். நானும் பேர் கொடுத்திருக்கிறேன் என்றதும், “உங்க பண்டல் வண்டியிலயா?” என்று கேட்டாள். கேலியாகக்கூட இல்லை, நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டாள். அதுதான் அதிகம் சுட்டது.

சைக்கிள் கடையில் பல்சக்கரங்களைச் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டியிருப்பார்கள். பெரிய பையன்கள் வந்து நின்று, “நாப்பத்தெட்டு போடுங்கண்ணா” என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போட்டுக்கொண்டு பறப்பார்கள். நாற்பத்தெட்டு என்றால் வேகம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கடைக்காரர் செயின் கவரைக் கழற்றி, பழைய சக்கரத்தின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். “நாப்பத்தி நாலுங் கண்ணு. அதையே போட்டர்லாம்” என்றார்.

நான் சொன்னேன்: “இல்லைண்ணா. நாப்பத்தெட்டு போடச் சொன்னாங்க.”

“ஆரு?”

“அம்மா.”

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து ஒரு நாற்பத்தெட்டை எடுத்து, பழையதன் மேல் வைத்துக் காட்டினார். சுற்றிலும் நகத்தளவுதான் பெரியதாகத் தெரிந்தது. “பாக்கறதுக்கு இத்தினிக்கூண்டுதான். ஒரு மிதிக்கு ஒண்ணரையடி கூடப் போகும், வாஸ்தவம். ஆனா சும்மா கெடைக்காது கண்ணு, அதுக்குத் தக்கன காலு கனமா இழுக்கோணும். லோடு ஏத்தற வண்டிக்கு இது ஆகாது. பாலத்து மேட்டுல மூச்சு வாங்கீரும். அம்மா தெரிஞ்சுதான் சொன்னாங்களா?”

“தெரிஞ்சுதாண்ணா. ஒரு நாளைக்கு எத்தனை நடை போகணும். சீக்கிரம் போகணும்னு சொன்னாங்க.”

இந்தப் பொய்யை நான் யோசித்துக்கூட வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. அதுவும் நல்ல பொய், அவருக்குப் பொருத்தமாகப்பட்டது. “அதுஞ் செரிதான். உங்கம்மா மிதிக்கற மிதிக்கு அதையும் மிதிச்சுப் போடுவாங்க” என்று சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். அம்மாவின் பலத்தைச் சொல்லி, அம்மாவின் பேரைச் சொல்லி, அம்மாவுக்கு எதிராக அந்தச் சக்கரம் ஏறியது.

அவர் வேலை சுத்தமான வேலை. பெடல் தண்டை அச்சில் மாட்டி, அதை இறுக்கும் இரும்புப் பின்னை அரத்தால் ராவி ராவிச் சரியாக்கி அடித்து இறக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோட்டம் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பார்த்தார். சக்கரத்துக்கும் வண்டிக் குழாய்க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு தீக்குச்சியை விட்டுப் பார்த்தார். கவரில் உரசியது, அதைத் தட்டிப் பள்ளமாக்கினார். செயின் மட்டும்தான் எட்டவில்லை. பின்சக்கரத்தை முன்னால் தள்ளி ஒரு வழியாகப் பூட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். “செயினு வெறைப்பா நிக்குது கண்ணு. ரெண்டு கண்ணி சேக்கோணும், கைவசம் இல்ல. வர்ற வாரம் வாங்கியாந்துருவேன். ஒரு வாரம் ஓட்டிப்போட்டு மறக்காமக் கொண்டா. இல்லீனா மிதிக்கறதே செரமமாயிரும்” என்றார். நான் தலையாட்டினேன். கவரை மூடித் திருகாணியை இறுக்கினார். முழுக் கவர் போட்ட லேடீஸ் சைக்கிள், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடியும், எனக்குத் தெரியும்.

பந்தயம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிப் பழைய மாதிரியே மாற்றிவிடுவது என்றுதான் திட்டம். இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. திட்டம் இருந்தும் செய்யாதவள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வாசலில் வாழைக்கன்று. வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பூஜை போட்டார்கள். அம்மா முதல் நாளே சைக்கிளைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டிருந்தாள். சந்தனத்தைக் குழைத்து ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு, சீட்டுக்குக் கீழே ஒரு பொட்டு, செயின் கவர் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். நான் அந்தப் பொட்டைப் பார்க்காமல், கையில் கொடுத்த பொரியையும் கடலையையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பந்தயத்தில் நான் ஜெயித்தேன். எடைமேடைக்குப் போகும்போது மூன்றாவதாக இருந்தவள், திரும்பும்போது ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஒன்றரை அடியை வாங்கி வாங்கிச் சூப்பர்வைசர் மகளைத் தாண்டினேன். பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். முதலாளியம்மா கையால் கொடுத்து, “அம்மாவாட்டவே மிதிக்கற கண்ணு” என்றார். அம்மா கூட்டத்தில் நின்று எல்லோரிடமும், “எம் பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அந்த டிபன் கேரியரில்தான் மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போனாள். ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு போவாள். அது ஆடி ஆடிக் கம்பியில் மோதும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அந்த நிலையில் எப்படிச் சொல்வது? பந்தயத்தில் ஜெயித்ததே அந்தச் சக்கரத்தால்தான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். செயினுக்குக் கண்ணி சேர்க்கவும் போகவில்லை. அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பந்தயம் முடிந்த கையோடு தீபாவளி நெருக்கடி ஆரம்பித்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதர்பேட்டையில் வெளியூர் வியாபாரிகள் நிற்க இடமில்லாமல் நிற்பார்கள், ஊர் முழுக்க ராத்திரி பகல் தெரியாமல் மிஷின் ஓடும். இரண்டு பண்டல் ஏற்றிய இடத்தில் மூன்று ஏற்றினார்கள். ஒரு நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பாலத்து ஏற்றத்தில் அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். முதல்முறையாகப் பார்க்கிறேன். பெட்டிக்கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்ததுதான் அம்மாவுக்கு என்னவோ போல் இருந்திருக்கும், மேலே போய்ச் சேர்ந்ததும் கையைத் தூக்கிக் காட்டாமல் போனாள்.

“மூணு பண்டல்ல, அதான்” என்று அன்றைக்கு வீட்டில் சொன்னாள். இரண்டு நாள் கழித்து இரண்டு பண்டலோடும் இறங்கினாள். அந்த ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே என்னைக் கேட்டாள்.

“பாப்பா, நீயும் சாயங்காலம் ஓட்டுறல்ல. வண்டி கனமா இருக்கா?”

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் சின்னப் பெண்ணின் ஆசை என்று யாராவது மன்னித்துவிடலாம். அம்மா என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள். பதில் என் வாயில் இருந்தது. நான் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “இல்லையேம்மா. முன்னைக்கு லேசாத்தான் இருக்கு” என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்ப எனக்குத்தான் முடியல போல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டியக் கொறை சொல்லி என்ன செய்ய” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். “ஆபரேசன் பண்ண ஒடம்பு, அதான் சத்து எறங்கிருச்சு” என்றார் அப்பா. எனக்குப் பிறகு ஒரு பிள்ளை தங்காமல் போய், அம்மாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் சுமை தூக்கிய உடம்புக்கு அன்றைக்குத்தான் சத்து இறங்கியதாம். பக்கத்து வீட்டு அக்கா பீட்ரூட் கொடுக்கச் சொன்னாள். கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று ஊசி போட்டார்கள், கறுப்பு டானிக் ஒன்று கொடுத்தார்கள். அம்மா பேரீச்சம்பழத்தைப் பிடிக்காமல் பிடிக்காமல் தின்றாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டானிக்கின் இரும்பு வாசம் இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சைக்கிள் கடையில் காற்று அடிக்க அம்மா நிறுத்தினாள். நானும் கூட இருந்தேன். கடைக்காரர் எழுந்து வந்து, “ஏனுங்கம்மிணி, புதுசு போட்டதுக்கப்புறம் வண்டி எப்படிங் போகுது?” என்றார்.

“வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. மனுசிக்குத்தான் முடியல” என்றாள் அம்மா.

“செயினுக்கு ரெண்டு கண்ணி சேக்கோணும்னு அப்பவே பாப்பாகிட்டச் சொல்லியுட்டனுங்க. வாங்கியாந்து வெச்சிருக்கறேன். அதுவுமில்லாம நாப்பத்து...”

“அம்மா, எனக்கு டியூசனுக்கு நேரமாச்சு” என்று நான் கத்தினேன். அம்மா திடுக்கிட்டு, “தீபாவளி முடிஞ்சு வர்றேண்ணே” என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவர் காற்றுப் பம்பைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த வயதில் டியூஷனே கிடையாது. அம்மாவுக்கும் அது தெரியும். ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் மழை. பாலத்தடியில் அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேரியரில் பிசிறு வெட்டி முடித்த வெள்ளைப் பனியன்கள், மேலே பாலிதீன் போர்த்தியிருந்தது. அன்று ராத்திரியே லோடு ஏற வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “நல்ல வேளை வந்த. நீ பின்னால புடிச்சுத் தள்ளு பாப்பா. நான் மிதிக்கிறேன். இன்னைக்கு எறங்காமப் போயிருவோம்” என்றாள்.

நான் தள்ளினேன். என் உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். அம்மா எழுந்து நின்று மிதித்தாள், செயின் கவருக்குள் நறநறவென்று சத்தம் கேட்டது. பாதி ஏற்றத்தில் ஒரு பெடல் கீழே போகாமல் அப்படியே நின்றது. அம்மா முழு உடம்பையும் அதன் மேல் வைத்து அழுத்தினாள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, என்னால் பிடிக்க முடியவில்லை. அம்மா விழுந்தாள். கட்டு அவிழ்ந்து ஒரு பண்டல் உருண்டு ரோட்டோரச் சரிவில் இறங்கிப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. அன்றைக்குத் தண்ணீர் ஊதா.

அம்மா எழுந்து முழங்காலைக்கூடப் பார்க்கவில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். குழந்தைகளின் சின்னச் சின்னப் பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து தோளில் போட்டாள். போட்ட இடமெல்லாம் சேலையில் ஊதா இறங்கியது. “போச்சே, போச்சே” என்று மெதுவாகத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடைக்காரர் சொன்னதை அங்கே, அந்த நிமிஷம் சொல்லியிருந்தால்கூடப் போதும். சொல்லவில்லை. கரையில் நின்று அழுதேன். நான் பயந்துபோய் அழுகிறேன் என்று நினைத்து, “ஒண்ணுமில்லாத்தா, அழாத” என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கம்பெனியில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மா பதில் பேசியிருப்பாள், பதிலுக்குப் பதில் பேசக்கூடியவள்தான். முதலாளியம்மா பக்கத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, “கண்ணு, மேலுக்கு முடியாம எதுக்கு இந்தப் பாடு படறே? ரோட்டு வேலையெல்லாம் இனி வேண்டாஞ் சாமி. உள்ளாற டேபிள்ல நெழல்ல உக்காந்து செக்கிங் பாரு. பண்டல மொபெட்டுல ஒரு பையன் கொண்டுபோய்ப் போட்டுருவான்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த அன்புக்கு எதிராக அம்மாவால் ஒன்றும் பேச முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

தீபாவளி கழிந்து அம்மா செக்கிங் டேபிளில் உட்கார்ந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாலேயே சூப்பர்வைசர் நடந்துகொண்டிருப்பார். பதினேழு வருஷம் பார்த்தாள். காலனிப் பெண்கள் கொஞ்ச நாள், “பீஸ்காரம்மா எங்கே காணோம்” என்று கேட்டார்கள், பிறகு மொபெட் பையனுக்குப் பழகிவிட்டார்கள்.

சைக்கிள் சாவியை என்னிடம்தான் கொடுத்தாள். “எனக்கு இனிமே இது ஆகாது. உனக்கு லேசாத்தான இருக்கு, நீயே பள்ளிக்கூடத்துக்கு வச்சுக்க” என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். சுமையில்லாமல், சமமான ரோட்டில், பத்தாம் வகுப்பு வரைக்கும் பறந்தேன். அப்போதாவது கழற்றி மாற்றினேனா என்று கேட்காதீர்கள். பிறகு வீடு மாறும்போது அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எடை போடும்போது நான் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா கால் முடியாதவள் ஆகிவிட்டாள். முப்பத்தைந்து வயதில். மாடி வீடு என்றால் வேண்டாம் என்பாள். பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்குத் தேடுவாள். வருஷா வருஷம் பழனிக்குப் போவோம். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறிய பெண்பிள்ளை, அந்த வருஷத்திலிருந்து விஞ்ச் ரயிலில் உட்கார்ந்துதான் மேலே போனாள். நானும் அப்பாவும் படி ஏறிப் போய்ச் சேர்ந்தால், முன்னாலேயே வந்து மேலே உட்கார்ந்திருப்பாள். “வந்துட்டீகளா” என்று கேட்பாள். தினமும் சாயங்காலம் இரண்டு காலுக்கும் எண்ணெய் தேய்ப்பாள். மிதிக்காத கால், நடக்காத கால், போகப் போக நிஜமாகவே வலுவிழந்தது. இப்போது எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என் மகனுக்குச் சைக்கிள் வாங்கப் போனோம். பேரன் கூப்பிட்டான் என்று அம்மாவும் வந்தாள். கடையில் இருந்த இளைஞன் ஒரு வண்டியைக் காட்டி, “தம்பிக்கு முன்னாடி சின்னப் பல்லே எடுத்துக்கங்க மேடம். மேட்டுல லேசா ஏறும். பெருசு எடுத்தா ஸ்பீடு வரும், ஆனா லோடு வெச்சா காலு போயிரும்” என்றான். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல எழுந்து போய்க் குனிந்து, கவர் இல்லாத அந்தப் பல்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நான் பணம் கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். “பாப்பா, நம்ம பழைய வண்டில அது எத்தனை பல்லு?”

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த முறை பிசைவதற்கு ரசச் சோறு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ‘இதே மாதிரி’ என்று அவள் சொன்னது, நான் கடையில் சொன்ன பொய், பந்தயம், சேர்க்காத இரண்டு கண்ணி, லேசாத்தான் இருக்கு என்றது, எல்லாம். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா எண்ணெய்க் கையை அப்படியே முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்ப என் காலுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“இல்லம்மா.”

“எத்தனை பல்லு கூட?”

“நாலு.”

“நாலு பல்லா?” என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, “பழனிக்குக்கூட என்னைய ஒக்கார வச்சே கூட்டிட்டுப் போனீகளே” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய் மினுங்கும் இரண்டு கால்களையும் நீட்டி, யாருடையதோ போல மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.